பானெட்டுக்குக் கீழே ஓர் ஆய்வுக்கூடம்



தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, படிவம் மூன்று மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே தயங்கி நின்றான். "சார், எங்கப்பா கார்ல பானெட்டைத் திறந்தா ஒரே அழுக்கா இருக்கு. அவர் தூங்குறப்போ நான் தண்ணியைப் பீய்ச்சிக் கழுவி வச்சிட்டா, எழுந்து பார்த்துச் சந்தோஷப்படுவாருல்ல?" என்று கேட்டான். அவனுடைய அப்பா அந்தக் காரில்தான் பயணிகளை ஏற்றி இறக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். இரவு முழுக்க ஓட்டிவிட்டு விடிந்த பிறகு வந்து படுப்பவர்.

நல்ல மனம்தான். ஆனாலும் நான் உடனே "வேண்டாம்பா" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. எனவே என் கதையை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆசிரியராக வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் பழைய கார் ஒன்றை வாங்கினேன். ஒரு நாள் மாலை, வெளியூரிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டி வந்த கையோடு பானெட்டைத் திறந்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை ஊற்றி, தோட்டத்துக் குழாயால் அடித்துக் கழுவினேன். இயந்திரம் பளிச்சென்று இருந்தது. மறுநாள் எஸ்பிஎம் தேர்வுக் கண்காணிப்புப் பணி. காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் கார் இருமியது, குலுங்கியது, நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில், மழையில் நனைந்தபடி தேர்வு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மாலையில் பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், குளிப்பாட்டினீங்களா?" என்று சிரித்தார்.

அறிவியல் ஆசிரியரான நான், வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடங்களையே அன்று வீட்டு வாசலில் மறந்திருந்தேன். இந்த வாரம் அந்தப் பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வெப்பம், அழுத்தம், மின்சாரம், அமிலமும் காரமும், பலபடிமம் என்று உங்கள் பாடநூலில் பாதி அந்தப் பானெட்டுக்குக் கீழே இருக்கிறது.

முதலில் ஒரு நிபந்தனை. இதை நீங்கள் தனியாகச் செய்யக்கூடாது. காரின் உரிமையாளருக்குத் தெரிந்து, அவர் பக்கத்தில் இருக்கும்போது, காரின் கையேட்டைப் படித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது ஹைபிரிட் அல்லது மின்சாரக் கார் என்றால் பானெட்டுக்குக் கீழே ஆரஞ்சு நிறக் கம்பிவடங்களைக் காணலாம். அவற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். அந்தக் காரைப் பயிற்சி பெற்றவர்களிடமே விட்டுவிடுங்கள்.

அழுக்கு என்பது என்ன? அதை ஏன் நீக்க வேண்டும்?

இயந்திர அறையில் படிவது வெறும் தூசி அன்று. சாலையிலிருந்து எழும் நுண்மணல், டயர் தேய்மானத் துகள், காய்ந்த இலை, இயந்திரத்தின் மூடிகளில் கசியும் எண்ணெய் ஆகிய எல்லாம் கலந்த கலவை அது. எண்ணெய் பசைபோல் செயல்பட்டுத் தூசியைப் பிடித்துக்கொள்கிறது. நம் நாட்டு ஈரக்காற்றும் சேர்ந்துகொள்ள, கறுப்புக் களிம்பாகிவிடுகிறது.

கழுவினால் காரின் வேகம் கூடும், பெட்ரோல் மிச்சமாகும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். மெல்லிய தூசிப் படலத்தால் இயந்திரத்துக்குப் பெரிய கேடு எதுவும் இல்லை. சுத்தம் செய்வதற்கு உண்மையான காரணங்கள் மூன்று.

ஒன்று, கசிவைக் கண்டுபிடிக்கலாம். சுத்தமான பரப்பில் புதிதாக ஒரு துளி எண்ணெய் தோன்றினாலும் கண்ணில் படும். எல்லாமே கறுப்பாக இருந்தால் எது பழைய அழுக்கு, எது புதிய கசிவு என்று தெரியாது. இரண்டு, தீ அபாயம் குறையும். காய்ந்த இலையும் எண்ணெய்க் களிம்பும் எரிபொருள். அவை சூடான புகைபோக்கிக் குழாயின் அருகே சேரக்கூடாது. மூன்று, ரப்பர்க் குழாய்களையும் மின் இணைப்புகளையும் காப்பாற்றலாம். இந்த மூன்றாவது காரணத்துக்குப் பிறகு வருவோம்.

வேலையைத் தொடங்குமுன் கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். நிறுத்தி வைத்த கார்களில் எலி கூடு கட்டுவது நம் தாமான்களில் சாதாரணம். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலிக்காய்ச்சலை உண்டாக்கும். "கென்சிங் திக்குஸ்" நோய் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதைத்தான். எலிப் புழுக்கையைக் கண்டால் காய்ந்த நிலையில் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். கிருமிநாசினியால் நனைத்து, துணியால் எடுத்துக் கட்டி எறியுங்கள்.

பாடம் 1: முதலில் ஆற விடுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் குளிர்விக்கும் திரவம் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில் இருக்கும். புகைபோக்கிக் குழாயோ சில நூறு டிகிரிக்குச் சூடேறும். அதன்மேல் தண்ணீர் பட்டால் நொடியில் நீராவியாகி உங்கள் கையைச் சுடும். சூடான பாகம் திடீரென ஒரு பக்கம் மட்டும் குளிரும்போது அந்தப் பக்கம் சுருங்க முயலும், மறுபக்கம் விடாது. இந்த இழுபறியில் வார்ப்பிரும்பில் விரிசல் விழலாம். சூடான கண்ணாடிக் குவளையில் பனிநீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. அதற்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வரை ஏறலாம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 120 டிகிரி வேண்டும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழுகிறது, கொதிநிலை 100 டிகிரிக்கு இறங்குகிறது. அதற்கு மேல் சூடாக இருக்கும் திரவம் அந்த நொடியே கொதித்து முகத்தில் பாய்கிறது.

என் காரைக் கெடுத்த காரணம் இன்னும் நுட்பமானது. படிவம் நான்கு இயற்பியலில் வரும் வாயு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பருமன் மாறாதபோது வாயுவின் அழுத்தம் அதன் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சூடான இயந்திரத்தின்மேல் மூடிய மின் இணைப்பான் ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலை 80 டிகிரி, அதாவது 353 கெல்வின். அழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்போம். குளிர்ந்த நீர் பட்டு அது 30 டிகிரிக்கு, அதாவது 303 கெல்வினுக்கு இறங்குகிறது.

புதிய அழுத்தம் = 100 × 303 ÷ 353 = ஏறக்குறைய 86 கிலோபாஸ்கல்

வெளியே 100, உள்ளே 86. வித்தியாசம் 14 கிலோபாஸ்கல். இது 1.4 மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். கார்களில் உள்ள பல மின் இணைப்பான்கள் ஐபி 67 என்ற தரத்தில் செய்யப்படுகின்றன. அதன் கடைசி இலக்கமான 7, "1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும்" என்று பொருள்படும். சூடான இணைப்பானைத் திடீரெனக் குளிர வைக்கும்போது அந்தச் சோதனையைவிடக் கடுமையான ஒன்றுக்கு அதை உட்படுத்துகிறோம். சற்றே தளர்ந்த ரப்பர் வளையம் ஒன்று இருந்தால் போதும், இணைப்பான் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். காரை நிழலில் நிறுத்தி, கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆற விடுங்கள். அவசரம் இல்லாத ஞாயிறு காலைதான் இதற்கு ஏற்ற நேரம்.

பாடம் 2: பேட்டரியில் எந்த முனை முதலில்?

பட்டறைக்காரர்கள் பேட்டரியைக் கழற்றும்போது கவனியுங்கள். எதிர் முனையை முதலில் கழற்றுவார்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுவார்கள். இது வெறும் பழக்கம் அன்று. காரின் இரும்பு உடல் முழுவதும் பேட்டரியின் எதிர் முனையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நேர் முனையை முதலில் கழற்றப்போய், ஸ்பானரின் மறு நுனி தவறுதலாகக் காரின் உடலில் பட்டால், மின்சுற்று ஸ்பானர் வழியாகவே முடிந்துவிடும். அதுதான் குறுக்குச் சுற்று.

ஓமின் விதியைப் போட்டுப் பாருங்கள். பேட்டரியின் உள்தடையும் ஸ்பானரின் தடையும் சேர்ந்து 0.02 ஓம் என்று வைத்தால், மின்னோட்டம் 12 ÷ 0.02 = 600 ஆம்பியர். உங்கள் வீட்டு மூன்று முள் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியரிலேயே பாதுகாப்பு எல்லையை எட்டிவிடுகிறது என்பதோடு ஒப்பிடுங்கள். ஸ்பானர் சிவக்கும், தீப்பொறி பறக்கும். மின்னூட்டம் ஏறும்போது ஈய-அமிலப் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. ஹைட்ரஜனும் தீப்பொறியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் "பாப்" என்ற சத்தமாகக் கேட்டிருப்பீர்கள். இங்கே அது அமிலத்தையும் சேர்த்துத் தெறிக்க வைக்கும். ஆகவே இந்த வேலையைப் பெரியவர் செய்யட்டும். நீங்கள் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு பாருங்கள்.

எதிர் முனையை முதலில் கழற்றிவிட்டால், பிறகு நேர் முனையைத் தொடும் ஸ்பானர் காரின் உடலில் பட்டாலும் சுற்று முடிவதில்லை. சில புதிய கார்களில் பேட்டரியைக் கழற்றினால் வானொலி, சன்னல் கண்ணாடி போன்றவற்றின் அமைப்பு அழிந்துவிடும். அதனால்தான் கையேட்டை முதலில் படிக்கச் சொன்னேன்.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் அதை வெறும் கையால் தொடாதீர்கள். அமில ஆவி உலோகத்தை அரித்து உண்டாக்கிய உப்புகள் அவை. கேக் செய்யும்போது பயன்படுத்தும் சமையல் சோடா ஒரு கரண்டியை ஒரு குவளை நீரில் கரைத்து, பழைய பல் தூரிகையால் தடவுங்கள். நுரை பொங்கும்.

சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட் + சல்ஃபூரிக் அமிலம் → சோடியம் சல்ஃபேட் + நீர் + கார்பன் டை ஆக்ஸைடு

நுரைப்பது நின்றதும் நடுநிலையாக்கம் முடிந்தது என்று பொருள். ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி, இணைப்பை மாட்டிய பிறகு பெட்ரோலியம் ஜெல்லி சிறிது பூசுங்கள். காற்றும் ஈரமும் உலோகத்தைத் தொடாதபடி அது தடுக்கும். சோடா நீர் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் மட்டும் போகக்கூடாது. உள்ளே இருக்கும் அமிலத்தையும் அது நடுநிலையாக்கிவிடும்.

பாடம் 3: தண்ணீரைவிட அழுத்தமே எதிரி

"மழையில் ஓடும் கார் தானே சார், தண்ணீர் பட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மழையில் தெறிக்கும் நீர் வேறு. குழாயால் பீய்ச்சும் நீர் வேறு. வீட்டுக் குழாயின் அழுத்தம் ஏறக்குறைய 2, 3 பார். வீடுகளில் பயன்படுத்தும் உயர் அழுத்தக் கழுவியோ 100 பார் அல்லது அதற்கு மேலும் தரக்கூடியது. நீரில் 10 மீட்டர் ஆழத்துக்கு 1 பார் என்று கணக்கிட்டால், 100 பார் என்பது கடலில் 1000 மீட்டர் ஆழம். பீய்ச்சும் முனையின் அருகே கிட்டத்தட்ட அந்த அளவு அழுத்தம் ஒரு சிறு பரப்பில் விழுகிறது. 1 மீட்டர் ஆழத்துக்குச் செய்யப்பட்ட ரப்பர் வளையம் அதை எப்படித் தாங்கும்?

தண்ணீர் உள்ளே புகுந்தால் என்ன கெடுதல்? தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் குழாய் நீரில் கரைந்த உப்புகள் உள்ளன; இயந்திர அறையின் அழுக்கும் கலந்தால் அயனிகள் இன்னும் பெருகும். அயனிகள்தான் மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. பெட்ரோல் காரின் இக்னிஷன் காயில், பேட்டரியின் 12 வோல்ட்டை இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக்கின் நுனியில் தீப்பொறி பாய வேண்டும். பிளக் அமர்ந்திருக்கும் குழியில் நீர் தேங்கினால், மின்சாரம் அந்த ஈரத்தின் வழியாக இயந்திரத்தின் உலோகத்துக்கே ஓடிவிடும். நுனியில் பொறி இல்லை, எரிபொருள் எரிவதில்லை. என் கார் இருமியதற்குக் காரணம் இதுவே. பட்டறைக்காரர் காயிலைக் கழற்றியபோது குழிக்குள் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் நின்றது. அப்படியே தொடர்ந்து ஓட்டியிருந்தால், எரியாத பெட்ரோல் புகைபோக்கியில் உள்ள வினையூக்கி மாற்றிக்குள் போய் அதையும் சூடேற்றிக் கெடுத்திருக்கும்.

எனவே என் பரிந்துரை எளிது. குழாயே வேண்டாம். தெளிப்பான் புட்டி, தூரிகை, ஈரத் துணி, உலர்ந்த துணி ஆகியவை போதும். அதற்கு முன்பு பிளாஸ்டிக் பையாலும் ரப்பர் வளையத்தாலும் மூட வேண்டியவை: ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, கணினிப் பெட்டி, காற்று உள்ளிழுக்கும் குழாயின் வாய், இக்னிஷன் காயில்கள். ஆல்டர்னேட்டர் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளக் காற்றுத் துளைகளோடு செய்யப்பட்டது. அந்தத் துளைகளின் வழியே சவர்க்கார நீர் தாராளமாக உள்ளே போகும்.

பாடம் 4: எண்ணெயை நீர் எப்படிக் கழுவும்?

முதலில் காய்ந்த இலைகளைக் கையால் எடுங்கள். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். தூசி இருக்கும்போதே நனைத்தால் சேறுதான் மிஞ்சும்.

அடுத்து எண்ணெய்க் களிம்பு. நீர் மூலக்கூறு முனைவுள்ளது, எண்ணெய் மூலக்கூறு முனைவற்றது. இரண்டும் ஒட்டாது. சவர்க்கார மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை நீரை விரும்பும். வால் எண்ணெயை விரும்பும். ஆயிரக்கணக்கான வால்கள் ஓர் எண்ணெய்த் துளியில் குத்திக்கொள்ள, தலைகள் எல்லாம் வெளியே நீரை நோக்கி நிற்கும். இந்த உருண்டைக்கு மைசெல் என்று பெயர். நீர் இப்போது அந்த உருண்டையைத் தன்னோடு இழுத்துச் செல்லும். கடைகளில் விற்கும் டீகிரீசரிலும் இதே வேலைதான் நடக்கிறது. அதைத் தெளித்தவுடன் துடைத்துவிடாதீர்கள். மூலக்கூறுகள் களிம்புக்குள் நுழைய இரண்டு, மூன்று நிமிடம் கொடுங்கள். அதே நேரத்தில் காய்ந்துபோகவும் விடாதீர்கள், காய்ந்தால் கறையாகிவிடும். ஒரு கை அகல இடம் தெளித்து, தேய்த்து, துடைத்து முடித்த பிறகே அடுத்த இடத்துக்குப் போங்கள்.

எந்த டீகிரீசர்? புட்டியைத் திருப்பி உட்பொருளைப் படியுங்கள். சோடியம் ஹைட்ராக்ஸைடு கலந்த கடுங்காரம் என்றால் வேண்டாம். இன்றைய கார்களில் இயந்திரத்தின் தலைப்பகுதியும் ரேடியேட்டரும் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் உள்ள மெல்லிய ஆக்ஸைடு படலம். அந்த ஆக்ஸைடு ஈரியல்புடையது. அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். காரம் அந்தப் படலத்தைக் கரைத்துவிட்டு உலோகத்தையும் அரிக்கத் தொடங்கும். நீர் கலந்த மென்மையான டீகிரீசரே போதும்.

பெட்ரோலால் துடைத்தால் எண்ணெய் சட்டென்று போகும் என்று யாராவது சொல்லக்கூடும். போகும், உண்மைதான், இரண்டுமே முனைவற்றவை. ஆனால் பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். நம் நாட்டு வெயிலில் அந்த ஆவி பானெட்டுக்குக் கீழே தேங்கி ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

பாடம் 5: தாத்தா வெட்டிய பாலும் காரின் குழாயும்

உங்களில் பலருடைய தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அந்தப் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர் ஒரு பலபடிமம். நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலி. அதுவும் முனைவற்றது. எனவே எண்ணெய் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து அதை ஊதிப் பருக்க வைக்கும். பருத்த ரப்பர் வலுவிழக்கும்.

காரின் குளிர்விக்கும் குழாய்களுக்குப் பயன்படுவது ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெப்பத்தையும் சுடுநீரையும் நன்றாகத் தாங்கும். ஆனால் எண்ணெயைத் தாங்காது. எண்ணெய் படும் இடங்களுக்கு நைட்ரில் என்ற வேறு ரப்பரைப் பயன்படுத்துவார்கள். இப்போது நான் முன்பு சொன்ன மூன்றாவது காரணம் புரிகிறதா? மேலே ஒரு மூடியில் எண்ணெய் கசிந்து, கீழே குளிர்விக்கும் குழாயின்மேல் மாதக்கணக்கில் சொட்டினால், குழாய் மெல்ல மெல்ல உப்பி மென்மையாகும். ஒரு நாள் நெடுஞ்சாலையில் அது வெடிக்கும், இயந்திரம் கொதிக்கும். அழுக்கைத் துடைக்கும் கை அந்தக் குழாயை அழுத்திப் பார்க்கவும் வேண்டும். நல்ல குழாய் விறைப்பாக இருக்கும். உப்பியோ பிசுபிசுத்தோ வெடிப்பு விட்டோ இருந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

*செய்து பாருங்கள்:* ஒரே அளவுள்ள மூன்று ரப்பர் வளையங்களை எடுத்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை நீரிலும், ஒன்றைச் சமையல் எண்ணெயிலும், ஒன்றைக் குழந்தைகளுக்குப் பூசும் பேபி எண்ணெயிலும் மூழ்க வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் துடைத்து, மீண்டும் அளந்து அட்டவணையில் எழுதுங்கள். பிறகு மெல்ல இழுத்துப் பாருங்கள். இதில் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை, சார்பு மாறி எது என்பதையும் குறிப்பிடுங்கள்.

பாடம் 6: உலர வையுங்கள், பிறகு பளபளப்பு

நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியின் மெல்லிய இழைகள் மொத்தப் பரப்பைப் பெருக்கி, இழைகளின் இடைவெளிகளில் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எட்டாத மூலைகளுக்கு மின்விசிறி ஒன்றை முன்னால் வைத்து, பானெட்டை ஒரு மணி நேரமாவது திறந்து வையுங்கள். பிறகு பிளாஸ்டிக் பைகளை எடுங்கள். எண்ணிப் போட்ட பைகளை எண்ணி எடுங்கள். ஒன்று உள்ளே தங்கினாலும் உருகி ஒட்டிக்கொள்ளும். பேட்டரியை மாட்டி, இயந்திரத்தை இயக்கிப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். அதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய கொட்டகையில் சேரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பிளாஸ்டிக் மூடிகளுக்கும் குழாய்களுக்கும் பளபளப்புத் திரவம் பூச விரும்பினால், நீர் கலந்த வகையைத் துணியில் ஊற்றித் துடையுங்கள். நேரே தெளிக்காதீர்கள். சுழலும் பெல்ட்டின்மேல் ஒரு துளியும் படக்கூடாது. பெல்ட் வேலை செய்வது உராய்வினால். வழவழப்பான திரவம் உராய்வைக் குறைத்தால் பெல்ட் வழுக்கும், கிறீச்சிடும். அது சுழற்ற வேண்டிய ஆல்டர்னேட்டர் போதிய மின்சாரம் தராது. உராய்வு எப்போதும் எதிரி அன்று என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

பாடம் 7: அழுக்கு நீர் எங்கே போகிறது?

குழாய் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் தாமான்களில் வீட்டு முன் வடிகால் மழைநீருக்கானது. அதன் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. நேரே ஆற்றுக்குப் போகிறது. ஆற்றிலிருந்துதான் நமக்குக் குடிநீர் வருகிறது.

ஒரு தேக்கரண்டி எண்ணெய் 5 மில்லிலிட்டர். தண்ணீரின்மேல் வானவில் நிறம் காட்டும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருமனைத் தடிமனால் வகுத்தால் பரப்பு கிடைக்கும்: 10 சதுர மீட்டர். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஓர் அறை அளவு நீர்ப்பரப்பை மூடிவிடும். அந்தப் படலம் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் நீருக்குள் கரைவதைத் தடுக்கிறது. சவர்க்காரமோ நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, மீனின் செவுள்களையும் பாதிக்கிறது.

2020 செப்டம்பர் தொடக்கத்தில் என்ன நடந்தது என்று உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். ரவாங் வட்டாரத்தில் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவு சிலாங்கூர் ஆற்றைச் சென்றடைந்தது. நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குக் குழாய் நீர் நின்றது. வாளியோடு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். அது பெரிய அளவில் நடந்த மாசு. நம் ஒரு வாளி அதற்கு ஈடாகாது. ஆனால் ஒரு தாமானில் எத்தனை வீடுகள், எத்தனை கார்கள்?

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் பயன்படுத்திய மசகெண்ணெயைத் தனிக் கழிவாகவே பட்டியலிட்டிருக்கின்றன. காருக்கு அடியில் பழைய அட்டையோ தட்டோ வைத்துச் சொட்டுகளைப் பிடியுங்கள். எண்ணெய்த் துணிகளைத் தனிப் பையில் கட்டி, உங்கள் வழக்கமான பட்டறையில் அவர்களுடைய எண்ணெய்க் கழிவோடு சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

அந்த மாணவன் என்ன செய்தான்?

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவனே என்னைத் தேடி வந்தான். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் சேர்ந்து துணியும் தூரிகையுமாக இரண்டு மணி நேரம் துடைத்திருக்கிறார்கள். ரேடியேட்டருக்குப் போகும் குழாயின் இறுக்கி அருகே, அழுக்குக்கு அடியில் வெண்பச்சையாக ஒரு தடம் காய்ந்து கிடந்ததை அவன் கண்ணே முதலில் பார்த்திருக்கிறது. குளிர்விக்கும் திரவம் கசிந்து காய்ந்த தடம். குழாயை அழுத்தினால் நொறுநொறுவென்று உப்பியிருந்தது. மறுநாளே பட்டறையில் மாற்றிவிட்டார்கள். ஊருக்குப் போகும் வழியில் அது வெடித்திருந்தால், தீபாவளிச் செலவுக்கு வைத்திருந்த பணம் இயந்திரத்துக்குப் போயிருக்கும். அதற்குப் பிறகு கார் ஓடாத நாள்களுக்கு வருமானமும் இருந்திருக்காது.

"அப்பா என்னப்பா சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல சார். அடுத்த தடவையும் நீயே கூட வாடான்னாரு."

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. மூடிய இணைப்பானுக்குள் உள்ள காற்று 60 டிகிரி செல்சியஸிலிருந்து 30 டிகிரிக்குக் குளிர்ந்தால், அதன் அழுத்தம் 100 கிலோபாஸ்கலிலிருந்து எவ்வளவுக்கு இறங்கும்? எத்தனை மீட்டர் நீர் ஆழத்துக்கு அந்த வித்தியாசம் சமம்?

2. பேட்டரியை மாட்டும்போது எதிர் முனையைக் கடைசியில் மாட்டுவது ஏன்? மின்சுற்றுப் படம் வரைந்து விளக்குங்கள்.

3. எண்ணெய் படிந்த கறையை நீரால் மட்டும் துடைத்தால் போகாது. பெட்ரோலால் துடைத்தால் போகும். இருந்தும் சவர்க்கார நீரையே தேர்ந்தெடுக்கிறோம். அறிவியல் காரணம் ஒன்றும் பாதுகாப்புக் காரணம் ஒன்றும் தருக.

4. உங்கள் தாமானில் 200 கார்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றையும் கழுவும்போது ஒரு தேக்கரண்டி எண்ணெய் வடிகாலுக்குப் போவதாகவும் கொள்ளுங்கள். அது அரை மைக்ரோமீட்டர் தடிமனில் பரவினால் எவ்வளவு நீர்ப்பரப்பை மூடும்?

(முதல் கேள்விக்கு விடை: சுமார் 91 கிலோபாஸ்கல், 0.9 மீட்டர். நான்காவது கேள்விக்கு விடை: 2000 சதுர மீட்டர். மற்ற இரண்டையும் உங்கள் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.)